கெட்டியா நிக்கோணும்

சன்னலோரம் நீங்களே உக்காந்துக்குங்க அம்மிணி. எனக்கு இந்தப் பக்கமே போதும். காத்து மூஞ்சியில அடிச்சா தூங்கிப் போயிருவேன், தூங்குனா மடியில இருக்கற பை சாஞ்சிரும். பைக்குள்ள பிளாஸ்க்கு இருக்குது. ஒடையற பிளாஸ்க்கு இல்ல, எவர்சில்வர்தான். ஆனாலும் உள்ள இருக்கறது அலுங்காம கரூர் போய்ச் சேரோணும். அதுக்காகத்தான் இன்னைக்கு லீவு போட்டுட்டு ஈரோட்டுல பஸ் ஏறுனேன்.

நீங்களும் கரூர்தானா? நல்லதாப் போச்சு. நான் கண்ணசந்துட்டன்னா ஒரு தட்டு தட்டி எழுப்பி உடுங்க. இப்பெல்லாம் எங்க உக்காந்தாலும் தூக்கம் வருது. படுத்தா வர்றதில்ல.

உள்ள என்னங்கறீங்களா? பாலு. ஏலக்கா தட்டிப்போட்ட பாலு. சிரிக்காதீங்க. சாட்சிக்குப் பாலு கொண்டுபோற பொம்பளைய நீங்க பாத்திருக்க மாட்டீங்க. இப்பப் பாத்துக்குங்க.

எங்கூட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்துருச்சுங்க. போன தை நோம்பி முடிஞ்ச கையோட. சென்னியப்பன்னு பேரு. தறி மேஸ்திரி. நாள் பூராவும் தறிச் சத்தத்துல நின்ன மனுசன், ஊட்டுலயும் சத்தமாத்தான் பேசுவாரு. ஒரு காலங்காத்தால எந்திரிச்சவரு அப்படியே கட்டலோரமா சரிஞ்சுட்டாரு. வலது கை, வலது காலு, ரெண்டும் போச்சு. பேச்சு கொழகொழன்னு ஆயிருச்சு. அதெல்லாம் கூடப் பொறுத்துக்கலாங்க. விழுங்கறது போயிருச்சு பாருங்க, அதுதான் கெரகம்.

ஓடற பண்டம் எது குடுத்தாலும் வயித்துக்குப் போகாம மூச்சுக்கொழாயிக்குப் போயிருதாமா. அப்படிப் போனா நெஞ்சுல சளி கட்டும், காச்சல் வரும், ஆளே கைவிட்டுப் போயிரும்னு ஆசுபத்திரியில சொல்லிட்டாங்க. காப்பி, மோரு, ரசம், பச்சத்தண்ணி, எதுவா இருந்தாலும் கெட்டி பண்ணித்தான் குடுக்கோணும். கரண்டியில அள்ளிச் சாச்சா பொத்துன்னு ஒரே கட்டியா விழுகோணும், ஒழுகக்கூடாது. விழுங்கப் பழக்கறதுக்குன்னு ஒரு பொண்ணு வந்து கரண்டிய சாச்சுச் சாச்சு எனக்குக் காட்டுது. எனக்கு!

நான் என்ன வேலை பாக்கறேன்னு நெனைக்கறீங்க? கெட்டி பண்றதுதான் அம்மிணி என்ற வேலையே.

பெருந்துறைக்குப் பக்கத்துல எங்க கம்பெனி. நான் லேப்ல இன்சார்ஜு. கோகிலவாணின்னா அந்தப் பக்கம் சாயப்பட்டறைக்காரங்க அத்தன பேருக்கும் தெரியும். இப்ப உங்க சேலையில பூப்போட்டிருக்குதில்ல, சாயத்த வெறுந்தண்ணியில கரைச்சு வெச்சா இந்தப் பூ துணி பூராப் பரவிப் போயிரும். இதழு எது, காம்பு எதுன்னே தெரியாது. அதனால சாயத்தக் கெட்டி பண்ண ஒரு பசை ஓணும். அதத்தான் நாங்க பண்றோம். புளியங்கொட்டை மாவுல பண்றது, கொத்தவரை வெதைப் பிசின்ல பண்றது, கடல்பாசியில பண்றது, அப்புறம் மெசின்ல செய்யற சிந்தெடிக்.

ஒவ்வொண்ணுக்கும் ஒரு கொணம். புளியங்கொட்டை நெம்ப மொரடு, நல்லாக் காச்சுனாத்தான் வழிக்கு வரும். கொத்தவரை பச்சத்தண்ணியிலயே எறுகிக்கும், மறுநா மோந்து பாத்தா நாறும். சிந்தெடிக்கு இருக்குதே, பாக்கறதுக்குப் பளபளன்னு தயிராட்டம் நிக்கும். ஒரு சிட்டிகை உப்பு பட்டுச்சோ போச்சு, மோராட்டம் ஓடிரும். இதுகளோடதான் நான் குடித்தனம் பண்றேன். காலையில போனா கலக்கறது, மீட்டர்ல சுத்தி அளக்கறது, அடியில ஓட்டை போட்ட கப்புல ஊத்தி எவ்வளவு நேரத்துல ஒழுகி முடியுதுன்னு பாக்கறது, அப்படியே வெச்சிருந்து மறுநா மறுபடியும் அளக்கறது. ஊட்டுக்கு வந்தாலும் கொழம்பக் கரண்டியில எடுத்துச் சாச்சுத்தான் பாப்பேன். கை அப்படிப் பழகிருச்சு.

ஒண்ணு சொல்றேன் கேளுங்க. ஒருக்கா ஒரு பிரிண்டிங் பட்டறைக்காரர், நாங்க அனுப்புன சிந்தெடிக் பசை தண்ணியாப் போச்சுன்னு ஆபீசுல வந்து குதிச்சாரு. எங்க முதலாளிக்கு வேர்த்துப் போச்சு. நான் கப்ப எடுத்துட்டு நேரா அவரு பட்டறைக்கே போனேன். போயிப் பாத்தா, மேனேஜரு லாரித் தண்ணி வாங்கறதுக்கு மூக்கால அழுதுட்டு போர்த் தண்ணிய உட்டுக் கலக்கச் சொல்லியிருக்காரு. அந்தத் தண்ணி வாயில வெக்க முடியாது, அவ்வளவு உப்பு. அப்புறம் பசை எப்படி நிக்கும்? எல்லாத்து முன்னாடியும் நல்ல தண்ணியில ஒண்ணு, போர்த் தண்ணியில ஒண்ணு கலக்கிக் காட்டுனேன். அந்த மேனேஜரு அப்பவே லாரித் தண்ணிக்குப் போன் போட்டாரு. அன்னையிலிருந்து எங்க லேப்ல ஒரு பேச்சு உண்டு. நம்ம கையில இருந்து போறப்பக் கெட்டியாத்தான் போச்சு, அங்க நீத்துப் போச்சுன்னா அங்க எவனோ எதையோ ஊத்தியிருக்கான். இத்தன வருசத்துல இது ஒருக்கா கூடப் பொய்யானதில்ல அம்மிணி.

சோலார் தாண்டிட்டமா? காலையில இருந்து பல்லுல பச்சத்தண்ணி படல. எனக்கு சுகர் வேற, வெறும் வயித்துல இருக்கக்கூடாது. பாலு நெறையத்தான் கொண்டாந்திருக்கறேன், ஒரு டம்ளர் சாப்பிட்டுக்கறேன். நீங்க? வேண்டாமா. சரி. இந்த டம்ளரக் கொஞ்சம் புடிங்க, பஸ் குலுக்குது. இப்பப் பாருங்க, கரண்டியில அள்ளறேன். சாக்கறேன். பாத்தீங்களா? பொத்துன்னு விழுந்துச்சு. ஓரத்துல ஒரு சொட்டு ஒழுகல. விடியால கலக்குனது இது. பாதிய ஊட்டுல அவருக்கு மத்தியானத்துக்கு வெச்சுட்டு, பாதிய இங்க ஊத்திட்டு வந்தேன். எப்படி நிக்குது பாருங்க.

ஆசுபத்திரியில ஒரு டின்னு குடுத்தாங்க. வெள்ளைப் பவுடரு, அதக் கலக்கிக் குடுக்கச் சொன்னாங்க. நான் டப்பாவப் பாத்தவொடனே தெரிஞ்சுக்கிட்டேன், இது பிசின் ஜாதி. கலக்குனா கெட்டியாச்சு, இல்லைன்னு சொல்லல. ஆனா வழவழன்னு நூலு நூலா இழுக்குது. அவரு வாயில வெச்சவொடனே துப்பிட்டாரு. மூஞ்சியத் திருப்பிக்கிட்டாரு. பக்கத்துக் கட்டல்காரங்க எல்லாம் பாக்கறாங்க. அந்த டம்ளரு மேலேயே அவரு கண்ணுல இருந்து தண்ணி உழுது அம்மிணி. சத்தமாப் பேசுன மனுசன். காப்பின்னா உசுரு அவருக்கு. அந்தக் காப்பிய மூக்குச்சளியாட்டம் பண்ணிக் குடுக்கறாங்கன்னு நெனைச்சுட்டாரு.

அன்னைக்கு முடிவு பண்ணேன். ஈரோட்டுக்கே பசை பண்ணிக் குடுக்கறவ, கட்டுனவனுக்கு ஒரு வாய்க் காப்பி கெட்டி பண்ணித் தரமாட்டனா? கம்பெனிப் பண்டம் எதையும் தொடலைங்க, அதெல்லாம் துணிக்குப் போறது, மனுசன் வயித்துக்கு ஆகாது. கடையில ஜவ்வரிசி வாங்குனேன், மக்காச்சோள மாவு வாங்குனேன். காச்சி, தட்டத்துல மெல்லுசா ஊத்தி, காயவெச்சு, நொறுக்கி, அரைச்சு, சலிச்சு. மொதத் தடவ கட்டி கட்டியாப் போச்சு. அடுத்த தடவ கலக்குன கையோட எறுகிக் கல்லாயிருச்சு. உடலையே நான். லேப்ல எல்லாரும் சாப்பிடப் போற நேரத்துல நான் மட்டும் உக்காந்து இதப் பாத்துட்டிருப்பேன். சூட்டுல வெச்சுப் பாத்தேன், ஐஸ்ல வெச்சுப் பாத்தேன், உப்புப் போட்டு, எலுமிச்சம்பழம் புழிஞ்சு, பாலுல, மோர்ல. காலையில கலக்கி வெச்சா பொழுதோட பாத்தாலும் அப்படியே நிக்குது. எறங்கவே இல்ல. துணிப் பசைக்கே நான் இத்தன பாத்ததில்ல.

மாத்தறதுன்னா எங்களக் கேட்டுட்டு மாத்துங்கன்னு, கரண்டி சாச்சுக் காட்டுன அந்த ஆசுபத்திரிப் புள்ள சொல்லித்தான் அனுப்புச்சு. அதுக்கு என்ன வயசிருக்கும், இருபத்தஞ்சு? அதுக்கிட்டப் போயி நான் கேக்கறதா?

அந்தக் காப்பிய அவருக்குக் குடுத்தேன். வாயில வாங்குனாரு. நாக்கச் சொழட்டுனாரு. விழுங்குனாரு. இரும வேண்டாமே சாமின்னு நான் அவரு கொரவளையவே பாத்துட்டு நிக்கறேன். இருமல. அப்புறம் என்னைப் பாத்து, "நல்லாருக்கு கோகி"ன்னாரு. அம்மிணி, அதுவரைக்கும் அவரு பேசுனது ஒண்ணுமே வெளங்காது. அது வெளங்குச்சு. நல்லாருக்கு கோகி. கல்யாணமாகி இத்தன வருசத்துல நான் வெச்ச எதையும் அவரு நல்லாருக்குன்னு வாயத் தொறந்து சொன்னதில்ல. நான் அடுப்படிக்குப் போயி முந்தானைய வாயில அடைச்சுட்டு அழுதேன். அந்த டின்ன மூடி மேல அட்டாலியில தூக்கிப் போட்டேன்.

அப்புறம் நானும் வேலைக்குப் போகோணுமில்லைங்களா. பையன் பெங்களூர்ல, அவனால எத்தன நாளைக்கு லீவு போட முடியும்? அப்பத்தான் எங்க நங்கையா வந்தாங்க. அவரோட அக்கா, கரூர்ல இருக்கறாங்க. பாவாயின்னு பேரு. தம்பின்னா அவியளுக்குத் தனிதான். தாயில்லாத புள்ளைய இடுப்புல வெச்சு வளத்தவிய. "நீ வேலைக்குப் போ கோகிலா, என்ற தம்பிய நான் பாத்துக்கறேன்"னாங்க. நல்லாத்தான் பாத்துக்கிட்டாங்க, பொய் சொல்லக்கூடாது. தொடைச்சு உடறது, திருப்பிப் படுக்க வெக்கறது, மொகம் வழிச்சு உடறது எல்லாம். கரண்டி கரண்டியா ஊட்டுவாங்க. ஒரு டம்ளர் பாலு ஊட்ட அரை மணிக்கு மேல ஆகும், அவரு ஒவ்வொரு வாயா நிதானமாத்தான் விழுங்கோணும்.

நான் காலையில எல்லாத்தையும் கலக்கி, அளந்து, மூடி வெச்சுட்டுப் போயிருவேன். திரும்பி வந்தா கழுவாத டம்ளர் ஒண்ணு ரெண்டு கெடக்கும். அடியில மிச்சம் இருக்கும். சாச்சுப் பாப்பேன், நம்ம கைதான் சும்மா இருக்காதே. பாத்தா ஓடுது! தண்ணியா ஓடுது. மூடி வெச்ச பாத்தரத்துல இருக்கறது நிக்குது, அவரு குடிச்ச டம்ளர்ல இருக்கறது மட்டும் ஓடுது.

இதுக்கு என்ன அர்த்தம்? நீங்களே சொல்லுங்க.

நங்கையாளே ஒருக்கா சொன்னாங்க. "ஊட்ட ஊட்ட அடியில நீத்துப் போயிருது கோகிலா, கடைசிக் கரண்டிக்கு இருமறான், நீயே ஒருநா கூட உக்காந்து பாரேன்"னாங்க. எனக்குச் சுருக்குன்னுச்சு. என்ற பண்டத்தக் கொறை சொல்றாங்களேன்னு. தானா நீத்துப் போற பண்டமில்லைங்க அது, நான் பாக்காத டெஸ்ட்டு இல்லன்னு சொல்லிட்டேன். மூணு தரம் சொன்னாங்க. நானும் மூணு தரம் அதையேதான் சொன்னேன்.

அதுல பாருங்க, ஒரு ஞாயித்துக்கிழமை நான் மாடியில துணி காயப்போட்டுட்டு எறங்கறேன், அவிய ஒரு வெள்ளத்துணியத் தண்ணியில நனைச்சு அவரு ஒதட்டுல வெச்சுட்டிருக்கறாங்க. அவரு கண்ண மூடிட்டு அந்தத் துணியச் சப்பறாரு. பிடுங்கி வீசிட்டேன். "தண்ணி தண்ணின்னு கெஞ்சறான் கோகிலா, ஒதட்டத்தான் நனைச்சேன், உள்ள ஒரு சொட்டு உடல"ங்கறாங்க. ஒதட்ட நனைக்கறவிய டம்ளர்ல ஒரு வாய் ஊத்த மாட்டாங்களா? பாசம் அம்மிணி. பாசந்தான், நான் இல்லைங்கல. தம்பி தாகத்துல கெடக்கறான்னு கெட்டிப் பாலுல ரகசியமாத் தண்ணி கலந்து குடுத்திருக்கறாங்க. அந்தப் பட்டறை மேனேஜர் கதைதான் இதுவும்.

ஊஞ்சலூரா இது? கொஞ்சம் பொறுங்க, இன்னும் ரெண்டு கரண்டி சாப்பிட்டுக்கறேன். பேசிப்பேசித் தொண்டை காஞ்சு போகுது.

அப்புறம் வந்துச்சு காச்சல். நெஞ்சு பூராச் சளி. மறுபடி ஆசுபத்திரி, மூக்குல கொழாயி, ஐசியூ. டாக்டர் என்னைக் கூப்பிட்டு, தண்ணியா ஏதோ உள்ள போயிட்டே இருந்திருக்குதும்மா, ஒருநா ரெண்டுநா சமாச்சாரம் இல்ல இதுன்னாரு. நான் வெளிய வர்றேன். ஒறம்பரை சனமெல்லாம் நிக்கறாங்க. அங்க ஒரு பெஞ்சுல நங்கையா உக்காந்துட்டு அழுதுட்டிருக்கறாங்க. எனக்கு என்ன வந்துச்சோ தெரியல, "தம்பியக் கொன்னுட்டு அழுகறீங்களா"ன்னுட்டேன்.

எல்லாத்து முன்னாடியும். ஆமாங்க.

"ஊத்துனேன்னு ஒத்துக்குங்க, இல்ல ஊத்தலைன்னு புள்ளைக மேல சத்தியம் பண்ணுங்க"ன்னேன். அவிய எந்திரிச்சாங்க. "என்ற தம்பிக்கு ஒரு வாய் பாலு ஊட்டுனதுக்கு நான் சத்தியம் பண்ணோணுமா கோகிலா?"ன்னு கேட்டாங்க. அவ்வளவுதான். பையத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. சத்தியம் பண்ணல பாத்தீங்களா? மடியில கனமில்லாதவிய பண்ணிட்டுப் போயிருக்கலாமில்ல?

அவரு பொழைச்சுட்டாருங்க. சாமி புண்ணியம். ஊட்டுக்குக் கூட்டிட்டு வந்தேன். வந்ததுல இருந்து என்ற கையில வாயே தொறக்க மாட்டேங்கறாரு. கரண்டியக் கிட்டக் கொண்டுபோனாப் பல்லக் கடிச்சுக்கறாரு. "அக்கா"ங்கறாரு. அந்த ஒரு வார்த்தை மட்டும் பளிச்சுன்னு வருது. வாசலக் கைகாட்டி அக்கா, அக்காங்கறாரு. நான் நங்கையாளப் பேசுனத யாரு அவருகிட்டப் போயிச் சொன்னாங்களோ. என்னைப் பாத்தா மொகத்தச் செவுத்துப் பக்கம் திருப்பிக்கறாரு. அந்தக் காப்பிக்கு ராவும் பகலும் நின்னவ நானு.

சம்பளத்துக்கு ஆள் வெச்சேன். மொதல்ல வந்தவ நல்லாத்தான் ஊட்டுனா, பழையபடி டம்ளர் நீத்துப் போச்சு. கேட்டா இல்லைங்கறா. நிறுத்திட்டேன். இப்ப ருக்குமணியக்கான்னு ஒருத்தர் வர்றாங்க. முந்தாநேத்து பாக்கறேன், அந்தம்மா டம்ளரும் அதே கதி! எனக்குப் பைத்தியம் புடிச்ச மாதிரி ஆயிருச்சு. நங்கையாதான் போன்ல இவியளுக்கு ஏதோ சொல்லிக் குடுக்கறாங்கன்னு நெனைக்கறேன். தம்பி தாகத்துல தவிப்பான், நீ கொஞ்சம் கலந்து குடுன்னு. வேற எப்படிங்க? பொம்பளை மாறிட்டே இருக்குது, டம்ளர் மட்டும் மாறல.

இப்ப ரெண்டு நாளா மறுபடி இருமறாரு. இனியொருக்கா நெஞ்சுக்குப் போச்சுன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாதுன்னு டாக்டர் கைய விரிச்சுட்டாரு. அதான் கெளம்பிட்டேன்.

எங்க லேப்ல தாரணின்னு ஒரு புள்ள. போன வருசம் காலேஜு முடிச்சுட்டு வந்துச்சு. நான் இந்த வெசனத்தையெல்லாம் சொல்லிட்டிருக்கறப்ப அது சொல்லுது, "அக்கா, உங்க டெஸ்ட்டுல வாயில வெச்ச ஸ்பூன மறுபடி உள்ள உட்டுப் பாத்தீங்களா?"ன்னு. எச்சக் கரண்டிய எவ டெஸ்ட்டுல உடுவா? சுத்தமா அளக்கறதுக்குப் பேருதான் லேபு. அது உடல. "தறியில ஏத்தறதுக்கு முன்னாடி நூலுக்குக் கஞ்சி போடறாங்கல்லக்கா, அப்புறம் துணியில இருந்து அந்தக் கஞ்சிய எடுக்கறதுக்கு என்சைம் மருந்து போட்டா, கஞ்சி தண்ணியாக் கரைஞ்சு போகுதில்ல, அதே சாமான்தான் நம்ம எச்சில்லயும் இருக்குது. மாவுன்னா தின்னுரும். பிசினத் தொடாது"ங்குது. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். "என்ற ஊட்டுக்காரர் வாயென்ன கஞ்சி எடுக்கற தொட்டியா?"ன்னு கேட்டுட்டேன். அழுதுட்டே போயிருச்சு. அதுக்கப்புறம் அதச் சாம்பிள் பாக்கெட் ஒட்டற வேலைக்கு அனுப்பிட்டேன். படிச்சுட்டு வந்தவொடனே பெரியவங்களுக்குப் பாடம் எடுக்கறது.

எதுக்கு இதையெல்லாம் சொன்னேன்? ஆமா, பாலு. நங்கையா ஊட்டுக்குப் போறேன். அவிய முன்னாடி பிளாஸ்க்கத் தொறந்து ஊத்திக் காட்டுவேன். பாருங்க நங்கையா, விடியால கலக்குனது, பஸ்ஸுல குலுங்கி வந்திருக்குது, வெயில்ல வந்திருக்குது, இன்னும் நிக்குது, தானா நீத்துப் போற பண்டமா இதுன்னு கேப்பேன். வேற ஒண்ணும் கேக்க மாட்டேன். ஆமா கோகிலா, பாசத்துல ஊத்திட்டேன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். நான் திட்ட மாட்டேன். மனசு சுத்தமாயிரும். கையோட கூட்டிட்டு வந்து அவரு பக்கத்துல உக்காத்தி வெச்சுருவேன். அவரு வாயத் தொறப்பாரு. நானும் கொஞ்சம் படுத்துத் தூங்குவேன். எனக்கு அவ்வளவுதான் ஓணும் அம்மிணி. அலுத்துப் போச்சு.

நொய்யல் பாலமா? இனிக் கரூர் கொஞ்ச தூரந்தான். இருங்க, இந்த மிச்சத்தையும் சாப்பிட்டு டம்ளரத் தொடைச்சு வெச்சுக்கறேன். உங்களுக்கும் ஒருக்கா காட்டிப் போடறேன், சோலார்ல பாத்தீங்களே, அது மாதிரியே நிக்குதா இல்லையான்னு நீங்களே சாட்சி.

இதென்ன?

ஓடுது.

அம்மிணி, நீங்க கொடுமுடியில தண்ணி பாட்டல் தொறந்தீங்களே, தெறிச்சுச்சா? இல்ல. நீங்க அந்தப் பக்கம் திரும்பித்தான் குடிச்சீங்க, நான் பாத்தேன். நீங்க இதத் தொடல. ஆரம்பத்துல புடிச்சதோட சரி. என்ற கையிலதான் இருந்துச்சு. முழுசும் என்ற கையிலதான் இருந்துச்சு.

இந்த பிளாஸ்க்கு மூடியத் தொறங்க. தொறங்க, சாஞ்சாப் பரவால்ல. மூடியில கொஞ்சம் ஊத்துங்க. நிக்குதா? நிக்குது. பொத்துன்னு விழுது. ஒரே பாலு. ஒரே கலக்கு. ஒரே பஸ்ஸு. அதுல யாரும் கரண்டி போடல. இதுல நான், பேசிப் பேசி, வாயில வெச்ச எச்சக் கரண்டிய மறுபடி உள்ள...

மணி என்னங்க? பன்னெண்டா? அய்யோ. போனு, பையில அடியில கெடக்குது, பைய இப்படிக் கவுத்துங்க.

அலோ, ருக்குமணியக்கா. அவருக்குப் பாலு குடுத்துட்டீங்களா? ஊட்டிட்டிருக்கறீங்களா? நிறுத்துங்க. கரண்டியக் கீழ வைங்க. டம்ளர்ல எவ்வளவு இருக்குது? அடியிலதான் இருக்குதா. அது வேண்டாம், கொட்டிருங்க. அவர நிமுந்து உக்காத்துங்க. இருமறாரா? நல்லா நிமுத்துங்க. அட்டாலியில ஒரு டின்னு கெடக்கும், ஆசுபத்திரி டின்னு, அத எடுத்து வைங்க. இனிமே அதுலதான் கலக்கோணும். துப்புவாரு, பரவால்ல, கொஞ்சம் கொஞ்சமாக் குடுங்க. இல்லைங்கக்கா. நீங்க தண்ணி ஊத்துனீங்கன்னு நான் சொல்லல. நீங்க ஊத்தல. தெரியும். அழுகாதீங்க. நீங்க ஊத்தலைன்னு நான்தான் சொல்றனில்ல.

இருமல் நின்னுருச்சாம். மூச்சு நல்லாத்தான் உடறாராம்.

அதுக்குள்ள பஸ் ஸ்டாண்டு வந்துருச்சா? எறங்கோணுமா? எறங்கறேன். கொஞ்சம் கையப் புடிங்க, டம்ளர் அலுங்கக்கூடாது.

இல்ல, இந்தப் பிளாஸ்க்க நீங்களே வெச்சுக்குங்க அம்மிணி. சொன்னாக் கேளுங்க, அது எனக்கு இனி ஆகாது. ஊட்டுல புள்ளைகளுக்குப் பால் ஊத்தி வைங்க. நான் இந்த டம்ளர மட்டும் கொண்டுபோறேன். கொட்டிராம ரெண்டு கையிலயும் புடிச்சுக்கறேன். நங்கையா ஊடு பஸ் ஸ்டாண்டுல இருந்து நடக்கற தூரந்தான். அவிய கதவத் தொறந்தா இதத்தான் சாச்சுக் காட்டோணும்.